கட்டிலருகே வைத்த உணவு உள்ளே போகிறதா?
நரம்பு மண்டல நோயாளிகளும் ஊட்டக்குறைவும்: ஒரு பாடம்



நோயாளிகளைப் பார்க்க வார்டுக்கு வருகிற உங்களில் பலர் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சிஸ்டர், இவருக்கு என்ன வாங்கி வரலாம்?" சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல நாங்களே காலம் கழித்துத்தான் கற்றுக்கொண்டோம். அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தச்சர். ஆகவே இந்தப் பாடத்தை அவரிடமிருந்தே தொடங்குகிறோம்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். பக்கவாதத்தால் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோன நிலையில் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்தோம், இரத்த அழுத்தத்தைக் கவனித்தோம், மருந்துகளை நேரம் தவறாமல் கொடுத்தோம். விழுங்கும் சக்தியைச் சோதிக்கும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சீட்டில் எழுதினோம். எழுதியது சரிதான். ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் யார் என்று எழுதவில்லை. ஷிப்டு மாறியது, ஞாயிற்றுக்கிழமை வந்து போனது, பாட்டில் மட்டும் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு அவர் உதட்டை நக்கிக் காட்டியதைப் பொறுக்க முடியாமல் மகள் ஒரு டம்ளர் காப்பியை மெல்ல ஊற்றினாள். இருமினார். மறுநாள் மாலை காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் மகள் அவருடைய இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கல்யாண மோதிரம் தானாகக் கழன்று தரையில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தாள். "அப்பா எதுவுமே சாப்பிடலையே சிஸ்டர். யாருமே கேக்கலையே" என்றாள்.

எங்களிடம் பதில் இல்லை. எத்தனை கிலோ இழந்தார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வந்த அன்று அவருடைய எடையை யாரும் எழுதிவைக்கவில்லை.

1. இது புதிய குற்றச்சாட்டு அல்ல

1974-ம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் பட்டர்வொர்த் ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவமனை தன் அலமாரிக்குள் ஓர் எலும்புக்கூட்டை மறைத்துவைத்திருக்கிறது என்பது அதன் தலைப்பின் கருத்து. நோயாளிகள் மருத்துவமனைக்குள்ளேயே, மருத்துவர்களின் கண் முன்னாலேயே மெலிகிறார்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார். உயரமும் எடையும் எழுதப்படாமை, பொறுப்பு பலர் கைகளில் சிதறிக் கிடப்பது, நாட்கணக்கில் குளுக்கோஸ் பாட்டிலை நம்பியிருப்பது, பரிசோதனைக்காக வேளைக்கு வேளை பட்டினி போடுவது ஆகியவற்றை அவர் காரணங்களாகக் குறிப்பிட்டார். தச்சரின் சீட்டை மறுபடி படித்தபோது இவற்றில் மூன்று எங்களிடமும் இருந்ததைக் கண்டோம்.

நம் நாட்டில் மூளை, நரம்பு சிகிச்சைக்கு மிஷன் மருத்துவமனைகள் செய்த பணி பெரியது. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. அன்றிலிருந்து ஸ்கேன் வந்தது, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வந்தது, எத்தனையோ வந்தன. ஆனால் இவ்வளவு செய்து காப்பாற்றிய உடம்புக்கு உணவு ஊட்டுகிற ஸ்பூன் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

2. உணவு எதிரே இருந்தும் பட்டினி ஏன்?

உணவில்லாமல் மெலிவது ஒரு விதம். நரம்பு நோயாளியின் மெலிவு வேறு விதம். தட்டு நிறைய இருக்கும், ஆனால் அது உள்ளே போகாது. காரணங்கள் பல.

விழுங்குவது கெடுகிறது. ஒரு வாய் சோற்றை விழுங்க ஐந்து ஜோடி மூளை நரம்புகள் ஒன்றுபட்டு வேலை செய்ய வேண்டும். பக்கவாதத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. கவனமாகச் சோதித்துப் பார்த்தால் பக்கவாத நோயாளிகளில் பாதிப்பேர் அளவுக்கு விழுங்கல் கோளாறு தென்படுகிறது. பார்க்கின்சன் நோயிலும், மோட்டார் நியூரான் நோயிலும் நாளடைவில் இது வருகிறது.

கை எழும்புவதில்லை. வலது கை விழுந்தவருக்கு இடது கையால் பிசைந்து உண்ணத் தெரியாது. நடுக்கம் உள்ளவரின் ஸ்பூன் வாய்க்கு வருவதற்குள் காலியாகிவிடுகிறது.

கண் பாதியை மட்டும் காண்கிறது. மூளையின் வலப்புறம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தட்டில் வலது பாதியை உண்டுவிட்டு, இடது பாதி அப்படியே கிடக்கக் கை கழுவிவிடுவார்கள். "பசி இல்லை போலும்" என்று நாம் தட்டை எடுத்துவிடுகிறோம். தட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால் மீதியையும் உண்பார்கள்.

வாய் கேட்பதில்லை. பேச்சு இழந்தவர் பசிக்கிறது என்று சொல்ல முடியாது. மறதி நோயுள்ளவருக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்பதே நினைவிராது. மனச்சோர்வில் இருப்பவர் கேட்க விரும்புவதில்லை.

உடம்பின் தேவை கூடுகிறது. தலைக்காயம், அடிக்கடி வரும் வலிப்பு, டெட்டனஸ், விடாத நடுக்கம் ஆகியவற்றில் படுத்த இடத்திலேயே உடம்பு அதிக சக்தியைச் செலவழிக்கிறது. ஆகவேதான் கடுமையான தலைக்காய நோயாளிக்கு அடிப்படைத் தேவையான உணவு ஐந்தாம் நாளுக்குள்ளும், எப்படியும் ஏழாம் நாளைத் தாண்டாமலும் சென்று சேர வேண்டும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்லுகின்றன.

மருந்தும் உணவும் மோதுகின்றன. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோப்பா, புரதத்தோடு போட்டியிட்டே உடம்புக்குள் செல்லுகிறது. அதனால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுக்கிறோம். இதைக் கேள்விப்பட்டுப் பருப்பையும் முட்டையையும் தாங்களாகவே நிறுத்தி மெலிந்தவர்கள் உண்டு. நேரத்தை மாற்றலாம், புரதத்தை விட்டுவிடக் கூடாது. வலிப்புக்கான பெனிடாயின் மருந்தைக் குழாய் உணவோடு சேர்த்துக் கொடுத்தால் அது சரியாக உட்கிரகிக்கப்படாமல் மறுபடி வலிப்பு வரக்கூடும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பாட்டில் உணவாகாது

"குளுக்கோஸ் ஏறுகிறது, அதுவே சாப்பாடு" என்று நினைப்பவர்கள் இன்னும் அநேகர். கணக்குப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளுக்குச் சுமார் 1250 முதல் 1500 கலோரி வரை தேவை. புரதம் குறைந்தது 50 கிராம் வேண்டும். 5 சதவீத குளுக்கோஸ் உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதில் 100 கலோரிகூடத் தேறாது, ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். மூன்று பாட்டில் ஏற்றினாலும் நாளொன்றின் தேவையில் கால் பங்குகூட இல்லை. புரதம் துளியும் இல்லை. வெறும் உப்புநீர்ப் பாட்டிலில் சக்தியே கிடையாது.

தெளிந்த கஞ்சியும் இளநீரும்கூடப் பெரும்பாலும் தண்ணீர்தான். தாகத்துக்கு நல்லவை. ஆனால் அவற்றை மட்டும் கொடுத்து ஒரு நோயாளியை நடக்கவைக்க முடியாது.

உணவு வராதபோது உடம்பு தன் தசையையே தின்கிறது. கால் தசை மட்டும் கரைவதில்லை. மூச்சு விடுகிற தசை, இருமிச் சளியை வெளியேற்றும் தசை, விழுங்குகிற தசை எல்லாம் கரைகின்றன. படுக்கைப் புண் வருகிறது, ஆறுவதில்லை. தொற்று எளிதில் பற்றுகிறது. பயிற்சி கொடுத்து எழுப்பலாம் என்று போனால், பயிற்சியைத் தாங்கத் தசை இருப்பதில்லை.

4. முதலில் விழுங்கல் சோதனை

தச்சருக்கு நாங்கள் இரண்டு விதத்தில் தவறினோம். உணவு கொடுக்காமல் விட்டது ஒன்று. பாதுகாப்பின்றி வாயில் ஊற்றினால் என்ன ஆகும் என்று மகளுக்குச் சொல்லாமல் விட்டது மற்றொன்று. விழுங்கல் கெட்டவருக்கு உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். விழுங்கல் கோளாறு உள்ள பக்கவாத நோயாளிக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல். சிலருக்கு இருமல்கூட வராமலேயே உள்ளே இறங்கிவிடும்.

ஆகவே முதல் உணவுக்கும் முதல் மாத்திரைக்கும் முன்பே பயிற்சி பெற்ற நர்ஸ் சோதிக்க வேண்டும். நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, நிமிர்ந்து உட்காருகிறாரா என்று பார்த்து, வாயைச் சுத்தம் செய்து, முதலில் டீஸ்பூனில் சிறிது தண்ணீர் தருவார். இருமல், மூச்சுத் திணறல், குரலில் தண்ணீர் கொழகொழப்பது, வாயோரம் வழிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் அளவைக் கூட்டுவார். சில நிமிட வேலைதான்.

இந்தச் சில நிமிடங்களின் மதிப்பை 2011-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் பேராசிரியை சாண்டி மிடில்டன் குழுவினர் இதைச் செய்தார்கள். காய்ச்சல், இரத்த சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் நர்சுகளே ஒழுங்காகக் கவனிக்கும்படி சில பிரிவுகளில் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இறந்தோ, ஊனப்பட்டுப் பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் மற்றப் பிரிவுகளில் நூற்றுக்கு 58 பேர், பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 பேர். புதிய மருந்தோ புதிய இயந்திரமோ இல்லை. கவனிப்பு மட்டுமே.

5. எடையை எழுதுங்கள்

எழுதாத எடையை இழந்தாலும் யாருக்கும் தெரியாது. வந்த அன்றே எடை, பின்பு வாரம் ஒருமுறை எடை. எழுந்து நிற்க முடியாதவருக்கு நாற்காலித் தராசு உண்டு. அதுவும் முடியாவிட்டால் மேற்கையின் நடுவில் டேப்பைச் சுற்றி அளக்கலாம். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அவர் மெலிந்தவராக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கை அடைகிறோம்.

வீட்டாரிடம் மூன்று கேள்வி கேட்கிறோம். மூன்று, ஆறு மாதங்களில் எடை குறைந்ததா? உணவு குறைந்ததா? சட்டை, ஜாக்கெட் தொளதொளத்ததா? நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை இழந்திருந்தாலும், ஐந்து நாளுக்கு மேல் உணவின்றி இருந்தாலும், இருக்கப் போவதாகத் தெரிந்தாலும் அவர் பெரும் ஆபத்தில் உள்ளவர். மெலிந்த நிலையில் பக்கவாதம் வந்தவர்கள் பிழைப்பது கடினம் என்று 2003-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது. ஊட்டம் உள்ளவர்களில் நூற்றுக்கு 20 பேர் இறக்க, ஊட்டக்குறைவு உள்ளவர்களில் 37 பேர் இறந்தார்கள்.

6. எல்லாருக்கும் சத்து மாவு வேண்டாம்

"அப்படியானால் எல்லா நோயாளிக்கும் சத்து பானம் கொடுத்துவிடுங்களேன்" என்று ஒரு நண்பர் சொன்னார். அன்பான யோசனைதான். ஆனால் எடின்பரோவின் டாக்டர் மார்ட்டின் டென்னிஸ் நடத்தி 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், விழுங்க முடிந்த 4023 பக்கவாத நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வழக்கமான உணவோடு கூடுதல் ஊட்டபானம் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் தென்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நல்ல ஊட்டத்தோடு இருந்தவர்கள்.

மாறாக, சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் டாக்டர் பிலிப் ஷூட்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஊட்டக்குறைவு ஆபத்து உள்ளவர்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற உணவைத் திட்டமிட்டார்கள். அவர்கள் பலவித நோய்களோடு வந்தவர்கள். 30 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 10-லிருந்து 7 ஆகக் குறைந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவு. எல்லாருக்கும் பொதுவாக அள்ளிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. வார்டில் யார் மெலிகிறார் என்று கண்டுபிடித்து, அவருக்கு வேண்டியதை அவருக்குக் கொடுப்பதே பயன் தருகிறது.

விழுங்க முடியாதவருக்கு மூக்குவழிக் குழாய் உதவுகிறது. அதை வீணே தள்ளிப்போடக் கூடாது. குழாய் போட்டால் "இனி அவ்வளவுதான்" என்று உறவினர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறோம். அப்படியல்ல. பக்கவாதத்தில் பலருக்கு விழுங்கல் சில வாரங்களில் திரும்புகிறது. அதுவரைக்கும் அது ஒரு பாலம். ஆனால் மறதி நோய் முற்றின நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்றில்லை. அங்கே பொறுமையோடு கையால் ஊட்டுவதே மேல்.

7. அவசரப்பட்டு அதிகம் ஊட்டாதீர்கள்

பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று முழு உணவு கொடுப்பது உயிருக்கே ஆபத்து. உணவைக் கண்டதும் உடம்பு, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகளைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. அவை இரத்தத்தில் குறைந்தால் இருதயம் தடுமாறும். ஆகவே பத்து நாளுக்கு மேல் உணவின்றி இருந்தவருக்கு, கிலோவுக்கு 10 கலோரி என்ற சிறிய அளவில் தொடங்கி, தயமின் என்ற பி வைட்டமினை முன்னதாகக் கொடுத்து, இரத்த உப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறோம். தச்சருக்கும் இந்த அச்சத்தோடேதான் தொடங்கினோம்.

8. பார்க்க வருகிறவர்களுக்கும் வீட்டில் ஊட்டுகிறவர்களுக்கும்

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். பக்கவாத நோயாளியைப் பார்க்க வரும்போது நாம் வழக்கமாகக் கொண்டுவருவது ரொட்டி, ரஸ்க், ஆரஞ்சு, இளநீர், பிளாஸ்கில் காப்பி. விழுங்கல் கெட்டவருக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்தானவை. ரொட்டி தொண்டையில் பிசுபிசுத்து அடைக்கும். தண்ணீர் போன்றவை நாம் நினைப்பதைவிட வேகமாய் மூச்சுக்குழாய்க்குள் ஓடும். ரசம் சாதம்போல் நீரும் பருக்கையும் கலந்தது இரட்டைக் கஷ்டம். ஆகவே வார்டு சிஸ்டரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

வாயால் உண்ணலாம் என்று அனுமதி கிடைத்தவருக்கு ஊட்டும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

அ) நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, வாயைச் சுத்தம் செய்த பின்பே தொடங்குங்கள்.
ஆ) குழைய மசித்த சோறும் பருப்பும், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம்போல ஒரே பதத்தில், சிஸ்டர் சொன்ன கெட்டியில் இருக்கட்டும். எண்ணெய் அல்லது நெய், முட்டை, பால் மாவு சேர்த்தால் குறைந்த அளவிலேயே சக்தி கூடும்.
இ) டீஸ்பூனால் ஊட்டுங்கள். ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பின்பே அடுத்தது. கன்னத்தில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.
ஈ) உண்ணும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.
உ) உண்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.
ஊ) இருமினாலோ குரல் மாறினாலோ நிறுத்திச் சொல்லுங்கள்.

குழாய்வழி உணவுக்கும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குழாயிலுள்ள அடையாளம் மூக்கருகே பழைய இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விலகியிருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். மெதுவாக ஊற்றி, முடிவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள்.

முடிவாக

தச்சருக்கு இரண்டாம் வாரத்தில் குழாய் உணவு மெல்ல மெல்லக் கூடியது. நெஞ்சுச் சளி குறைந்தது. நாலாம் வாரத்தில் மகள் கொடுத்த மசித்த வாழைப்பழத்தை ஒரு ஸ்பூன் விழுங்கினார். வலது கை திரும்பவில்லை. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். ஆனால் இடது கையால் ஸ்பூன் பிடித்து உண்ணக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டிருந்தார்கள். எல்லாரும் அப்படி வீடு திரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

அதன்பின் எங்கள் வார்டில் சில மாற்றங்கள் செய்தோம். வாய்வழி வேண்டாம் என்று எழுதுகிறவர், யார் எப்போது சோதிப்பார் என்பதையும் அதன்கீழ் எழுதுகிறார். வந்த அன்றே எடை எழுதப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. எந்தத் தட்டு நிறைந்தபடியே திரும்பியது என்று அறிந்தவர், தட்டு எடுக்க வருகிற ஆயா அம்மாதான். இத்தனை ஆண்டுகளாக அவரை யாரும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு வேளையும் அவர் சொல்ல, சிஸ்டர் எழுதிக்கொள்கிறார்.

யவீருவின் மகளை ஆண்டவர் எழுப்பின பின்பு, அந்தச் சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னதை மாற்கு 5-ம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். எல்லாரும் அதிசயத்தில் திகைத்து நின்ற வேளையில் அவளுடைய பசியை நினைத்தவர் அவரே. அடுத்த முறை வார்டுக்கு வரும்போது பழப்பை இல்லாமல் வாருங்கள். அரை மணி நேரத்தோடு வாருங்கள். சிஸ்டரிடம் கேட்டு, ஊட்ட ஆளில்லாத ஒருவர் அருகே ஸ்பூனோடு உட்காருங்கள்.

கலந்துபேச சில கேள்விகள்

1. தட்டு நிறைய உணவு இருந்தும் நரம்பு நோயாளி பட்டினி கிடக்க எந்தெந்தக் காரணங்கள் உண்டு?
2. மூன்று குளுக்கோஸ் பாட்டில்கள் ஏன் ஒரு நாள் உணவுக்கு ஈடாகாது?
3. இருமல் வரவில்லை என்பதால் விழுங்கல் சரியாக இருக்கிறது என்று சொல்லலாமா?
4. பல நாள் உண்ணாதவருக்கு வயிறு நிறையக் கொடுப்பது ஏன் ஆபத்து?
5. உங்கள் வீட்டிலோ தெருவிலோ படுக்கையில் இருக்கிறவர் கடைசியாக எப்போது எடை பார்க்கப்பட்டார்? அவர் தட்டில் மீதியாவதைப் பார்ப்பது யார்?